பத்தாம் வகுப்பு செய்முறையில் ஏன் எல்லோருக்கும் 25?

2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு போனது. அதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டோம். பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற கடைசி அறிவியல் தேர்வு அதுதான். வணிகவியல் பக்கம் போகிறவர்கள் அதற்குப் பிறகு லென்ஸைத் தொடப்போவதில்லை, கண்ணாடி போட்டாலொழிய.

எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. தேர்ச்சி பெற எழுத்தில் 20, செய்முறையில் 15 வாங்க வேண்டும். எழுத்துத் தாளைக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. புக் பேக் கேள்விகளை உருட்டினால் தேறிவிடலாம் என்பது பழைய புலம்பல். என் வயிற்றெரிச்சல் அந்த 25-ஐப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். குவிலென்சின் குவியத் தொலைவு காண வேண்டும். மேசையில் லென்ஸ் இருந்தது, தாங்கி இருந்தது, பிம்பத்தைப் பிடிக்கிற திரை இல்லை. ஒரு பையன் எதையும் தொடாமல் அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தான். "அளவு எங்கேப்பா எடுத்தே?" என்றேன். "ரெக்கார்டு நோட்டுல இருந்துச்சு சார்" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அந்த நோட்டைப் புரட்டினேன், அடுத்த நோட்டையும் புரட்டினேன். வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே அளவு, தசமப் புள்ளி உட்பட. சாயங்காலம் பட்டியலில் எல்லோருக்கும் 24, 25. கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஏன் போட்டேன்? நான் குறைத்தால் அடுத்த ஊர்ப் பிள்ளைக்கு 25, இவனுக்கு 18. ஆய்வகம் என்ற பெயரில் ஒரு அலமாரி மட்டும் இருக்கிற பள்ளியில் படித்தது அவன் குற்றமா? எல்லா ஆசிரியர்களும் இப்படித்தான் யோசிக்கிறோம். அதனால் அந்த 25 எதையுமே அளக்காத மதிப்பெண்ணாகிவிட்டது.

வெளியிலிருந்து ஒருமுறை அளந்தும் பார்த்தார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் நடத்தப்படும் பீசா தேர்வின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களில் இரண்டுமே கடைசி வரிசை. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அடுத்த சுற்றில் இந்தியா விலகிக்கொண்டது. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு அட்டவணையைப் பார்த்து யோசிப்பதற்கு என்ன சூழல் வேண்டியிருக்கிறது?

அடுத்த தேர்வுத் திட்டத்தைப் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செய்முறையை நேர்மையாக நடத்த ஆளும் கருவியும் கொடுங்கள். முடியாதென்றால் அந்த 25-ல் பத்தையாவது எழுத்துத் தாளுக்குள் கொண்டுவந்து, சோதனையைக் கையால் செய்தவனுக்குச் சட்டென்று பிடிபடுகிற கேள்வியாகக் கேளுங்கள். சென்டம் குறையும். குறையட்டுமே.

போன திருப்புதல் தேர்வில் நானே ஒன்று கேட்டுப் பார்த்தேன். பொருளின் தொலைவு 30, 25, 20, 15 செ.மீ. பிம்பத்தின் தொலைவு முறையே 15, 22, 20, 30. இந்த அளவுகளில் எங்கே தவறு? கணக்கே தேவையில்லை. பொருள் லென்ஸை நெருங்க நெருங்க பிம்பம் தள்ளிப் போக வேண்டும்; இங்கே 22-லிருந்து 20-க்குத் திரும்பி வருகிறது. திரையை ஒருதரம் நகர்த்திப் பார்த்தவனுக்கு அது உறுத்தும்.

41 பேரில் ஒன்பது பேர் பிடித்தார்கள். மீதிப் பேரில் பாதிக்கு மேல் நான்குக்கும் சூத்திரம் போட்டு, சராசரி எடுத்து, குவியத் தொலைவு 10.4 செ.மீ. என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் செய்முறையில் அவர்கள் எல்லோருக்கும் 25.