வாக்கியத்தைப் படிக்காமல் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது
ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டால், வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் வாக்கியத்தைப் படிக்கவே வேண்டாம் என்று சிலர் சொல்வது தவறு. வாக்கியமின்றிச் சொற்களை மட்டும் வைத்துக் கேட்கப்பட்ட எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்கள் 2011 ஆகஸ்டிலேயே நீக்கப்பட்டுவிட்டன. இப்போதுள்ள ஒரு வினாவகையில் வாக்கியத்தின் வெற்றிடத்துக்குப் பொருந்தி ஒரே கருத்தைத் தரும் 2 சொற்களை 6 சொற்களிலிருந்து குறிக்க வேண்டும்; அவற்றுள் ஒரே பொருள் கொண்ட ஒரு ஜோடி வாக்கியத்துக்குச் சற்றும் பொருந்தாமல் நிற்பதுண்டு, பட்டியலை மட்டும் நம்பியவர் அதில்தான் மாட்டிக்கொள்வார். 'சாங்ஷன்' என்ற சொல்லையே பாருங்கள்: கடன் 'சாங்ஷன்' ஆகிவிட்டது என்று நாம் அன்றாடம் பேசுவதால் ஒப்புதல் என்ற பொருளே மனத்தில் நிற்கிறது, ஆனால் ஒரு நாட்டின்மீது 'சாங்ஷன்' விதித்தார்கள் என்னும்போது அதே சொல் தண்டனையைக் குறிக்கிறது. தேர்வெழுதுவோர் 'ஆல்தோ', 'டெஸ்பைட்' போன்ற, வாக்கியத்தின் போக்கைத் திருப்பும் சொற்களை முதலில் கண்டு, வெற்றிடத்தில் தாமாக ஒரு சொல்லை இட்டுப் பார்த்த பிறகே விடைகளை நோக்க வேண்டும்.