மெமரி இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல், செத்துப் போகாதே!

“மெமரி தீர்ந்த பிறகு புரோகிராம் ஓடி என்ன பயன்? அதனால்தான் எக்ஸிட் கூப்பிடுகிறோம். தேவைப்பட்டால் கொஞ்சம் பெரிய சிப் போட்டுக்கொள்ளுங்கள்.”

‘மெமரி தீர்ந்தால் புரோகிராமையே நிறுத்துகிற எக்ஸிட்டை ஏன் கூப்பிடுகிறீர்கள்?’ என்று நான் கேட்டதற்கு இன்று காலை வந்த பதில் இது. மற்றவர்கள் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்கிற ஒரு சி மொழி லைப்ரரியை எழுதி, விளக்கத்தின் முதல் வரியிலேயே ‘மிக இலகுவானது, சின்னக் கருவிகளுக்கு ஏற்றது’ என்று போட்டவர் அனுப்பிய பதில். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

பெரிய சிப்பாம்! எங்கள் பெட்டியில் இருப்பது எஸ்டிஎம்32 எஃப்103 என்கிற சின்னச் சிப். புரோகிராம் உட்காருகிற ஃப்ளாஷ் 64 கேபி, ஓடும்போது வேலைக்கு எடுக்கிற ராம் 20 கேபி. கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே எடுக்கவும் நிறுத்தவும் வைக்கிற மொபைல் ஸ்டார்ட்டர் அந்தப் பெட்டி. விலை கொஞ்சம் ஏறினாலும் கிருஷ்ணகிரி கடைக்காரர்கள் “பழைய ரேட்டுக்கே கொடுங்க” என்பார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, வாங்குகிறவர் அரை ஏக்கர் தக்காளி போடுகிற விவசாயி. அவர் தலையில் போய் ‘லைப்ரரி எழுதியவருக்கு ஒரு இஃப் எழுதச் சோம்பல், அதனால் உங்கள் பெட்டி விலை கூடுகிறது’ என்று கட்டச் சொல்கிறாரா?

நடந்ததைச் சொல்கிறேன். பாலக்கோடு பக்கத்தில் ஒரு தோட்டம். காய் பிடிக்கிற நேரம், தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் பூ உதிரும். நடுராத்திரி போன். “தம்பி, த்ரீ பேஸ் வந்துடுச்சு, மோட்டார் எடுக்கவே மாட்டேங்குது. பொட்டியில லைட்டு எரியுது, அணையுது, எரியுது, அணையுது.” மெயினை ஒரு தரம் அணைத்துப் போடச் சொன்னேன். “போட்டுப் பாத்துட்டேன் தம்பி, அதேதான்.” மனுஷன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மோட்டார் ரூமில் நிற்கிறார், பின்னால் நாய் குரைக்கிற சத்தம் கேட்கிறது, எனக்கு இங்கிருந்து ஒன்றும் செய்ய வழியில்லை.

மறுநாள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து உள்ளே புரோகிராம் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற டீபக்கர் மாட்டிப் பார்த்தால் கதை இப்படிப் போகிறது. அன்று சாயந்திரம் அவர் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாக நேரம் வைத்திருக்கிறார். அதனால் சர்வரிலிருந்து ஜேசான் (பெயரும் மதிப்புமாக எழுத்தில் வருகிற வடிவம்) ஆக வருகிற செய்தி வழக்கத்தைவிட நீளம். இந்த லைப்ரரி அதைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மால்லாக் (மெமரி கேட்கிற சி ஃபங்ஷன்), ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மால்லாக், அவற்றைக் கோக்கிற முனைகளுக்கு வேறு ஒவ்வொன்று. சின்னச் சின்னதாகக் கிள்ளிக் கிள்ளி எடுத்ததில் அந்த மெமரி இருக்கிற ஹீப் துண்டு துண்டாகி, கடைசியில் ஒரு மால்லாக் ‘இடமில்லை’ என்று நல் (NULL) கொடுத்துவிட்டது. கொடுக்கட்டும், அது நடக்கக்கூடியதுதான். அடுத்த வரியில் என்ன இருக்கிறது தெரியுமா? ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று திரையில் எழுத ஒரு பிரின்ட்எஃப், அதற்குக் கீழே எக்ஸிட்.

யாருக்குப் பிரின்ட் பண்ணுகிறார்? மோட்டார் ரூமில் எந்தத் திரை இருக்கிறது? அந்தப் பிரின்ட்எஃப் ஒன்றை இழுத்துவந்ததற்கே ஃப்ளாஷில் பல கேபி போய்விட்டது. சரி, அப்புறம் எக்ஸிட். கம்ப்யூட்டரில் எக்ஸிட் கூப்பிட்டால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் திரும்பிப் போகலாம். எங்கள் போர்டில் ஆப்பரேட்டிங் சிஸ்டமே கிடையாது. எக்ஸிட் போய் விழுகிற இடம் முடிவில்லாத ஒரு வைல் லூப். அங்கேயே சுற்றும். புரோகிராம் உறைந்துவிட்டதா என்று கவனிக்கிற வாட்ச்டாக் பொறுத்துப் பார்த்துவிட்டு ரீசெட் அடிக்கும். போர்டு எழுந்து, மோடம் டவரைத் தேடிப் பிடித்து, மோட்டாரை எடுக்குமுன் நேரப்பட்டியலைக் கேட்கும். போன தடவை ‘வாங்கிவிட்டேன்’ என்று பதில் போடுமுன்பே செத்துவிட்டதால் சர்வர் அதே செய்தியைத் திரும்ப அனுப்பும். அதே மால்லாக், அதே நல், அதே எக்ஸிட், அதே லூப், மறுபடி வாட்ச்டாக், மறுபடி ரீசெட். விடியும்வரை இதேதான். அந்த அண்ணன் பார்த்த எரிந்து அணைகிற லைட்டு இதுதான்.

எனக்கு வேண்டியிருந்தது என்ன? மைனஸ் ஒன்று. ‘முடியவில்லை’ என்று சொல்கிற ஒரு ரிட்டர்ன் மைனஸ் ஒன்று, அவ்வளவுதான். அது வந்திருந்தால் நேற்றைய நேரப்பட்டியல் ஃப்ளாஷில் பத்திரமாக இருக்கிறது, அதை வைத்து மோட்டாரை ஓட்டியிருப்போம், ‘புதுப் பட்டியல் பெரிதாக இருக்கிறது’ என்று சர்வருக்குச் சொல்லியிருப்போம், தக்காளிக்குத் தண்ணீர் போயிருக்கும். என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டியது கூப்பிட்ட புரோகிராம், லைப்ரரி இல்லை. விருந்துக்கு வந்தவன் சோறு பத்தவில்லை என்று வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவானா?

இதெல்லாம் யாரும் யோசிக்காத புது விஷயமும் இல்லை. டேட்டாவைச் சுருக்குகிற ஜீலிப் (zlib) லைப்ரரி 1995லிருந்து இருக்கிறது. மெமரி எடுக்கிற ஃபங்ஷனையும் விடுகிற ஃபங்ஷனையும் நாமே அதற்குக் கொடுக்கலாம், இடம் இல்லையென்றால் மெமரி எர்ரர் என்று ஒரு எண்ணைத் திருப்பித் தந்துவிட்டு ஒதுங்கி நிற்கும். ரியோ டி ஜெனிரோவில் பிறந்த லுவா (Lua) மொழியும் அப்படித்தான், மெமரி வேலை முழுவதும் நாம் கொடுக்கிற ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகும். எஸ்க்யூலைட் (SQLite) என்கிற டேட்டாபேஸ்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. முதல் மால்லாக்கை வேண்டுமென்றே தோற்க வைத்து ஓட்டுவார்கள், அப்புறம் இரண்டாவதை, அப்புறம் மூன்றாவதை, இப்படியே கடைசிவரை ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்துச் சோதிப்பார்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் அது உட்கார்ந்திருக்கிறது என்றால் சும்மா உட்காரவில்லை. ஜேசானைப் பிரிக்கவே ஜேஎஸ்எம்என் (jsmn) என்று ஒரு லைப்ரரி இருக்கிறது, மால்லாக்கே கூப்பிடாது. செய்தியின் துண்டுகளைக் குறித்து வைக்கிற டோக்கன் வரிசையை நாம் கொடுக்க வேண்டும், போதாவிட்டால் ‘போதவில்லை’ என்று நெகட்டிவ் எண் தரும். இலகு என்றால் அதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இவரோ ‘மொத்தமே சில நூறு வரிகள்’ என்று விளம்பரம் செய்கிறார். வரிகளைக் குறைத்ததே சோதனைகளை எடுத்துப் போட்டுத்தான்! தன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்திருப்பார். அங்கே மால்லாக் ‘இல்லை’ என்று சொல்வதே அபூர்வம், கையில் இல்லாத மெமரியைக்கூட லினக்ஸ் தருகிறேன் என்று ஒத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு ‘சின்னக் கருவிகளுக்கு ஏற்றது’ என்று எழுத எப்படி மனசு வந்தது?

கோபத்தில் முழு லைப்ரரியையும் உட்கார்ந்து படித்தேன். நேரத்தை எழுத்தாக மாற்றித் தருகிற ஃபங்ஷன் ஒன்று. உள்ளே ஒரு ஸ்டாடிக் பஃபர், அதாவது எப்போது கூப்பிட்டாலும் அதே ஒரே இடம், அதன் பாயிண்டரையே (முகவரியையே) திருப்பித் தருகிறது. மோட்டார் எடுக்கிற நேரத்துக்கு ஒரு தரம், நிறுத்துகிற நேரத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்தால், இரண்டாவது முதலாவதின் மேலேயே எழுதியிருக்கும். ராத்திரி 10க்கு எடுத்து விடிகாலை 4க்கு நிறுத்தச் சொன்னால், 4க்கு எடுத்து 4க்கு நிறுத்து என்று ஆகும். சி மொழியின் பழைய ஆஸ்க்டைம் (asctime) ஃபங்ஷன் இந்த வேலையைச் செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும், எச்சரித்து எச்சரித்தே ஒரு தலைமுறை போய்விட்டது, இப்போது புதிதாக எழுதுகிற ஒருவர் அதையே செய்கிறார்.

ஹெடர் ஃபைலில் min என்று ஒரு மேக்ரோ, பெயருக்கு முன்னால் எந்த முன்னொட்டும் இல்லாமல். பெயர்கள் மோதாமல் பிரித்து வைக்கிற நேம்ஸ்பேஸ் சி மொழியில் கிடையாதே, இரண்டு எழுத்து சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? எங்கள் வேரியபிளில் மோதி கம்பைலர் எங்கோ சம்பந்தமில்லாத வரியில் கத்துகிறது. அது திருப்பித் தருகிற ஸ்ட்ரிங்கை யார் ஃப்ரீ பண்ண (மெமரியைத் திரும்ப விட) வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. செய்தியை வாங்குகிற ஃபங்ஷனுக்கு நீளம் என்று ஒரு பாராமீட்டரே கிடையாது, கடைசியில் ஜீரோ வரும் என்று நம்பிப் படித்துக்கொண்டே போகும். மோடம் அனுப்புகிற பைட்டுகளில் ஜீரோ எங்கிருந்து வரும்? எதிராளி சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதால்தான் 2014இல் ஓபன்எஸ்எஸ்எல் என்கிற இணையப் பாதுகாப்பு லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்து உலகமே பாஸ்வேர்டு மாற்றியது. இங்கே கேட்கவே இல்லை.

இலவசமாகக் கொடுத்ததை வாங்கிவிட்டுக் குறை சொல்கிறாயா என்று யாராவது கேட்பீர்கள். தெரியும். இலவசமாகக் கொடுக்கட்டும், ‘இது எக்ஸிட் கூப்பிடும், ராம் நிறைய வேண்டும்’ என்று அதே முதல் வரியில் எழுதிக் கொடுக்கட்டும், நான் எடுத்திருக்கவே மாட்டேன். தோட்டத்தில் விழித்திருந்தவர் யாரிடமும் எதையும் இலவசமாக வாங்கவில்லை, பெட்டிக்கு முழுப் பணம் கொடுத்தவர்.

ஜேஎஸ்எம்என்னுக்கு மாற்றியாகிவிட்டது. டோக்கன் வரிசை இவ்வளவுதான் என்று கம்பைல் ஆகும்போதே தெரிகிறது, இனி ராத்திரியில் அது திடீரென்று வீங்காது.

பெட்டிக்குப் பொருள் வாங்குவதைப் பற்றிப் பேசும்போது வேறொரு எரிச்சலும் ஞாபகம் வருகிறது, அதையும் கொட்டிவிடுகிறேன். போன வாரம் மோடம் பார்சல் ஒன்று பெங்களூரிலிருந்து போட்டார்கள். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி 90 கிலோமீட்டர், ஒரே நேர் ரோடு, ஒரு காலை நேரத்தில் போய்த் திரும்பிவிடலாம். அந்தப் பார்சல் எங்கள் ஊர் வழியாகவே சென்னைக்குப் போய், அங்கே தூங்கி, திரும்ப இங்கே வந்து, ‘வாடிக்கையாளர் கதவு பூட்டியிருந்தது’ என்று மெசேஜ் வருகிறது. கதவே இல்லை ஐயா, இது ஷட்டர் கடை! ஷட்டரை முழுசாக ஏற்றிவிட்டு வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சால்டரிங் பண்ணிக்கொண்டிருக்கிறேன். யாரும் வரவில்லை, போனும் இல்லை. பார்சல் மேல் என் நம்பர் எதற்கு எழுதியிருக்கிறது?