இரைப்பை மதுவைச் செரித்துவிடுமா?

ஒருவர், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் இரைப்பையின் செரிமான நொதிகளே மதுவின் பெரும்பகுதியைச் செரித்துவிடும், கல்லீரலுக்கு வேலையே இருக்காது என்று எழுதியிருக்கிறார். இதில் ஒரு சிறு உண்மை இருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது.

இரைப்பைச் சாற்றிலுள்ள பெப்சின் என்ற செரிமான நொதி புரதத்தைத்தான் உடைக்கும். மதுவை அது தொடுவதே இல்லை. மதுவைச் சிதைக்கும் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி இரைப்பையின் உட்சுவர்ச் செல்களுக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் பங்கு மிகச் சிறியது. எவ்வளவு சிறியது என்பதில்தான் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குடித்ததில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் அதே வகை நொதிகளால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகவும், பிறகு வேறொரு நொதியால் அசிட்டேட்டாகவும் மாற்றப்படுகிறது.

அப்படியானால் உணவு என்னதான் செய்கிறது? இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் மது சிறுகுடலுக்கு மெதுவாகச் சென்று, இரத்தத்தில் அதன் உச்ச அளவு குறைகிறது. போதை தாமதமாக ஏறுவதைப் பார்த்து, மது செரித்துவிட்டது என்று நினைப்பது எளிது.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 42.8 சதவீத விஸ்கியின் 30 மில்லியில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பிரியாணிக்குப் பிறகு குடித்தாலும், அதை அகற்றக் கல்லீரலுக்குச் சுமார் ஒரு மணி நேரமாவது பிடிக்கும்.