கூடு இருந்த மரம்

மூன்று ஞாயிற்றுக்கிழமையாகக் கடற்கழுகின் பழைய கூடுகளைத் தேடி ராமநாதபுரம் கரையோரம் அலைகிறேன். கழுகைத் தேடாமல் கூட்டை ஏன் தேடுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வெண்வயிற்றுக் கடற்கழுகு செம்பருந்து மாதிரி மீன் இறக்கும் இடத்தில் கூட்டமாகச் சுற்றாது. ஒரு சோடி நீளமான கரையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். மண்டபத்திலிருந்து வாலிநோக்கம் வரை போய்விட்டு ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன். ஆனால் கூடு கட்டிவிட்டால் அதே கூட்டுக்கு வருஷா வருஷம் வரும். ஐப்பசி வாக்கில் வந்து புதுக் குச்சி அடுக்கும். கூடு கட்டில் அகலத்துக்கு வளர்ந்துவிடும். அந்தப் பாரத்தைச் சீமைக்கருவேலம் தாங்குமா? நம் கரையில் மிஞ்சியிருக்கிற பெரிய மரங்களே கொஞ்சம்தான்.

ஒரு பனையேறி அய்யா சொன்னார்: "மாசியில பாளை சீவ ஏறுனா எதிர்த்த ஆலமரத்துல குஞ்சு எட்டிப் பாக்கும் தம்பி. நான் இறங்குற வரைக்கும் தாய்க்கழுகு வாத்து மாதிரி கத்திக்கிட்டே கெடக்கும்."

என்னை அங்கே கூட்டிப்போனார். அடிக்கட்டைதான் இருந்தது. போன வருஷம் ஆடியில் சாலையை அகலப்படுத்த வெட்டினார்களாம். அய்யா குச்சியால் மணலைக் கிளறினார். கெளுத்தி மண்டையோடு ஒன்று, அப்புறம் கடல்பாம்பின் முதுகெலும்பு மணிமணியாக. கழுகு தின்று போட்ட மிச்சம். "கூடு காலியாத்தான் இருந்துச்சுன்னு வெட்டிட்டாங்க" என்றார்.

ஆடியில் காலியாகத்தான் இருக்கும்! குஞ்சு பறந்துபோனபின் வருகிற மாதம் அது. ஐப்பசியில் அந்தச் சோடி திரும்பி வந்து எங்கே உட்கார்ந்திருக்கும்?

வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிற பறவை இது. அதன் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் குற்றம்தான். ஆனால் கூடு காற்றில் விழுந்தபின் வெறுமனே நிற்கிற மரத்தை யார் கேட்பது? பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் அறிவித்தார்கள். சரியான முடிவு. கழுகு கூடு கட்டிய மரத்துக்கும் அப்படி ஒரு காவல் வேண்டும். அதற்கு முதலில் எந்தெந்த மரம் என்று கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு பனையேறிகளின் தலையிலும் வல்லம் ஓட்டிய பெரியவர்களின் தலையிலும் மட்டும்தான் இருக்கிறது.

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, முந்தல் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், வனத்துறைக்கும் சொல்லுங்கள். ஊர்ப்பெயரை இங்கே பொதுவில் எழுத வேண்டாம். அடைகாக்கிற நேரத்தில் கேமராவோடு நாலு பேர் மரத்தடியில் போய் நின்றாலே கழுகு கூட்டை விட்டுப் போய்விடக்கூடும்.