பாப் டிலன் நடிப்புக்காக ஆஸ்கார் வாங்கினாரா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கிட்டார்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்றுகிறது: "பாப் டிலன்: நடிப்புக்கு ஆஸ்கார், எழுத்துக்கு நோபல்." பின்பாதி சரி, 2016-இல் இலக்கிய நோபல் இந்த அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியருக்குத்தான். முன்பாதி தவறு.

டிலனுக்கு ஆஸ்கார் உண்டு. ஆனால் அது 2001-இல், 'வொண்டர் பாய்ஸ்' படத்துக்கு எழுதிப் பாடிய பாட்டுக்காகக் கிடைத்தது. விழா மேடைக்குக்கூட அவர் வரவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் பாடினார்.

சரி, நடித்ததே இல்லையா? நடித்திருக்கிறார். 1973-இல் சாம் பெக்கின்பா இயக்கிய 'பேட் காரெட் அண்ட் பில்லி த கிட்' என்ற கௌபாய் படத்தில் ஏலியஸ் என்ற வேடம். இசையும் அவரே. 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்' அதற்காக எழுதிய பாட்டுதான். நடிப்பு மறந்துபோனது, பாட்டு நின்றுவிட்டது. 1978-இல் 'ரினால்டோ அண்ட் கிளாரா'வை அவரே இயக்கி நடித்தார். கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஓடும், பொறுமைசாலிகளுக்கு மட்டும். 2003-இல் 'மாஸ்க்டு அண்ட் அனானிமஸ்'. இவற்றில் எதற்கும் நடிப்பு ஆஸ்கார் இல்லை.

அப்புறம், போஸ்டரில் இருக்கும் இளைஞர் டிலனே இல்லை. 2024-இல் வந்த 'எ கம்ப்ளீட் அன்னோன்' படத்தில் டிலனாக நடித்த டிமத்தி ஷாலமே என்ற நடிகர். பாடியதும் அவரேதான். சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது, விருது கிடைக்கவில்லை.