கற்றாழைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது

"வாரம் ஒருமுறை அரை டம்ளர் தண்ணீர் போதும்." சோற்றுக்கற்றாழை வாங்குகிற எல்லோருக்கும் நர்சரியிலும் யூடியூபிலும் கிடைக்கிற அறிவுரை இது. என்னைக் கேட்டால் இந்த ஒரு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது. வாரம் என்ற கணக்கும் தப்பு, அரை டம்ளர் என்ற கணக்கும் தப்பு.

முதலில் வாரக் கணக்கு. மே மாதம் மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி வெயிலில் நிற்கும் சின்ன மண்தொட்டி ஐந்தாறு நாளில் அடிவரை காய்ந்துவிடும். அதே செடி பிளாஸ்டிக் தொட்டியில், ஏசி ஓடும் ஹாலில், டிவி பக்கத்தில் இருந்தால் மூன்று வாரமானாலும் அடிமண் பிசுபிசுவென்று இருக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே இருக்கும் தொட்டிக்கு நாம் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம். சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தி வைத்தால் அதுவே பெரிய உபகாரம். இந்த மூன்று செடிக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே அளவு ஊற்றினால் ஒன்று பிழைக்கலாம்.

பார்க்க வேண்டியது காலண்டரை அல்ல, மண்ணை. மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பதும் போதாது. ஒரு அகர்பத்திக் குச்சியையோ ஐஸ் குச்சியையோ முக்கால் ஆழத்துக்குச் செருகி, சற்று நேரம் விட்டு எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால், குச்சி ஈரமாக இருந்தால், அன்றைக்கு ஊற்ற வேண்டாம். கொஞ்ச நாள் பழகிவிட்டால் குச்சியும் தேவையில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லிவிடும்.

"இப்படிக் காயப் போட்டால் செடி செத்துவிடாதா?" என்று கேட்பவர்கள் தெருவில் இறங்கிக் கடைவாசல்களை நிமிர்ந்து பார்க்கலாம். திருஷ்டிக்காக வேரோடு பிடுங்கி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை, மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். திருஷ்டி கழிகிறதா என்பது வேறு விஷயம். ஆனால் இந்தச் செடிக்குத் தாகத்தைத் தாங்கத் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எப்படித் தாங்குகிறது? அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட நிலத்தில் இருந்து வந்த செடி இது. மடலுக்குள் இருக்கும் சோற்றில் ஏறத்தாழ 99 சதவீதம் தண்ணீர்தான். அதோடு, பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்று வாங்கும்போது, கற்றாழை அவற்றை மூடிக்கொள்ளும். வெயில் தணிந்து, இரவில்தான் திறக்கும். அப்போது வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைக்கொண்டு சமையல் செய்யும். சுட்டெரிக்கும் பகலில் துளை மூடியிருப்பதால் வீணாகும் நீர் மிகக் குறைவு.

இதைப் பாதியாகப் புரிந்துகொண்டவர்கள்தான் "கற்றாழை இரவில் ஆக்ஸிஜன் விடும், படுக்கையறையில் வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். இரவில் அது உள்ளே எடுப்பது கரியமில வாயு. ஆக்ஸிஜன் உண்டாவதற்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே அது பகல் வேலை. இந்தச் செய்தியை நம்பிச் செடியை இருட்டறைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? வெளிச்சம் குறைந்தால் செடி உறிஞ்சும் நீரும் குறையும். மண் காயவே காயாது. நாம் மட்டும் வழக்கம்போல் ஊற்றிக்கொண்டிருப்போம்.

சரி, அரை டம்ளர் கணக்குக்கு வருகிறேன். குறைவாக ஊற்ற வேண்டும் என்பதைப் பலரும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்ற வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அரை டம்ளர் மேல்மண்ணை மட்டும் நனைக்கும். கீழே இருக்கும் வேருக்குப் போய்ச் சேராது. போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இன்னொரு தொல்லை. நீர் ஆவியாகிப் போக, உப்பு மண்ணிலேயே தங்கி, மேலேயும் தொட்டியின் ஓரத்திலும் வெள்ளையாகப் படியும். (உப்பு இன்னும் அதிகமாக இருக்கும் ஆர்ஓ கழிவுநீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுவதை நான் இதனால்தான் ஆதரிப்பதில்லை. தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.) ஊற்றுகிற நாளில் தாராளமாக ஊற்றுங்கள். மண் முழுக்க நனைந்து அடித்துளை வழியாக வழிய வேண்டும். வழிந்ததும் கீழ்த்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் மண் நன்றாகக் காயும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காலையில் ஊற்றுவது நல்லது. கோடை மத்தியானத்தில் மாடித் தொட்டியில் இருந்து வரும் குழாய்த் தண்ணீரில் கை வைக்கவே முடியாது, அதை வேரில் ஊற்றலாமா? நடுக்குருத்தில் தண்ணீர் தேங்காமல், தொட்டியின் ஓரமாக மண்ணில் ஊற்ற வேண்டும்.

இவ்வளவும் தொட்டியில் துளை இருந்தால்தான். எனக்கு உண்மையான கோபம் இங்கேதான். அழகான வெள்ளைப் பீங்கான் கிண்ணம், உள்ளே ஒரு குட்டிக் கற்றாழை, மேலே வெள்ளைக் கூழாங்கல். கிரகப்பிரவேசத்துக்கும் பிறந்தநாளுக்கும் இதைத்தான் பரிசாகக் கொடுக்கிறார்கள். கவிழ்த்துப் பார்த்தால் துளையே இருக்காது. கடைக்காரரைக் கேட்டால் "அடியில் கல் போட்டிருக்கு, தண்ணி அதுல இறங்கிடும்" என்பார். இறங்காது. பொடி மண்ணில் இருக்கும் நீர், அந்த மண் முழுக்க ஊறும்வரை கீழே உள்ள பெரிய இடைவெளிகளுக்குள் இறங்குவதில்லை. கல் போட்டால் ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான். அப்படி ஒரு கிண்ணம் பரிசாக வந்தால் செடியை மண்தொட்டிக்கு மாற்றிவிட்டு, கிண்ணத்தில் சாவி போட்டு வைக்கலாம்.

தொட்டி பெரிதாக இருக்கவும் வேண்டாம். கற்றாழை வேர் ஆழமாகப் போகாது, பக்கவாட்டில் படரும். அகலமான, ஆழம் குறைந்த மண்தொட்டி போதும். நர்சரி கவரில் இருக்கும் கெட்டிச் செம்மண்ணோடு அப்படியே நடாதீர்கள். வெறும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சரிப்படாது, மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். செம்மண்ணோடு சம அளவு பருமணலோ உடைத்த செங்கல் துண்டோ கலந்து, கொஞ்சம் மக்கிய உரம் சேர்த்தால் போதும். எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) என்றால் கழுவித் தூளைப் போக்கிவிட்டுப் போடுங்கள்.

அடுத்து, பலரும் ஏமாறும் இடம். மடல் மெலிந்து, சுருங்கி, உள்பக்கமாக மடங்கினால் தாகம் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் வேர் அழுகிய செடியும் அப்படித்தான் சுருங்கும். மண் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறைந்தால் வேருக்கு மூச்சு முட்டும். பித்தியம், பைட்டாப்தோரா மாதிரியான நுண்ணுயிரிகளின் வித்துகள் நீரில் நீந்தியே வேரைத் தேடி வரும். வேர் போனபின் தொட்டி நிறைய நீர் இருந்தும் செடியால் குடிக்க முடியாது. மடல் சுருங்கும். பார்க்கிறவர் "ஐயோ, காயுதே" என்று இன்னொரு செம்பு ஊற்றுவார். கதை முடிந்தது. அதனால் சுருங்கிய மடலைப் பார்த்ததும் முதலில் குச்சி. மண் காய்ந்திருந்தால் தாகம், முழுசாக நனையுங்கள், சில நாளில் மடல் மறுபடி புடைத்துக்கொள்ளும். மண் ஈரமாக இருந்து, மடலின் அடி கொழகொழவென்று பழுப்பாகி, மண்ணில் நாற்றமும் அடித்தால் வேர் அழுகல்.

அப்போதும் குப்பையில் போட வேண்டாம். வெளியே எடுத்து, அழுகிய வேரையும் மடலையும் சுத்தமான கத்தியால் நல்ல திசு தெரியும்வரை வெட்டி, நிழலில் சில நாள் அப்படியே கிடத்துங்கள். வெட்டுவாய் காய்ந்து மூடியதும் புதிய, காய்ந்த மண்ணில் நட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். அடிக்கட்டை முழுக்க அழுகியிருந்தால் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் குட்டி இருந்தால் அதைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள் எல்லாம் கற்றாழைக்குத் தேவையில்லை. ஈரம் தேங்கும் தொட்டியில் அது புளித்துக் கொசு மாதிரியான பூச்சிதான் வரும்.

நம் வீடுகளில் இதையெல்லாம் மீறி நடக்கும் ஒரு விஷயம் உண்டு. காலையில் குளித்துவிட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற கை, செம்பில் மீதமிருப்பதைப் பக்கத்துத் தொட்டிகளுக்கும் பகிர்ந்துவிடும். துளசிக்குத் தினமும் வேண்டும், கற்றாழைக்கு ஆகாது என்று அம்மாவுக்கோ மாமியாருக்கோ எடுத்துச் சொல்லலாம். "வாயில்லா ஜீவன், பாவம்" என்று பதில் வரும். வாதம் செய்து பயனில்லை. தொட்டியை வெயில் படுகிற வேறொரு மூலைக்கு, செம்பு எட்டாத தூரத்துக்கு மாற்றிவிடுங்கள்.