அம்மி போனதால்தான் குடும்பம் போச்சாமே!

அந்தப் பட்டிமன்ற வீடியோத் துண்டை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. முழுசாகவே பார்த்தாச்சு.

"அம்மி போச்சு, ஆட்டுக்கல்லு போச்சு, கழுத்துல ஐடி கார்டு வந்துச்சு, குடும்பம் போச்சு." ஒவ்வொரு 'போச்சு'க்கும் கைதட்டலுக்கு இடம் விட்டுப் பேசுகிறார் அந்தப் பேச்சாளர். தொழில் தெரிந்த மனுஷன், அதை மறுக்க மாட்டேன். அந்தக் காலத்தில் பெண்கள் வீட்டில் இருந்தார்களாம், அதனால் வீடு வீடாக இருந்ததாம். இப்போது வேலைக்குக் கிளம்பிவிட்டார்களாம்.

எந்தக் காலத்தில் ஐயா? எந்த ஊரில்? யார் வீட்டில்?

நான் பிறந்து வளர்ந்தது ஆலங்குளம் பக்கம். எங்கள் தெருவில் பீடி சுற்றாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். அம்மா ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவாள். விடியற்காலையில் எழுந்து தகட்டை வைத்து இலை வெட்டுவாள். அப்புறம் சோறு பொங்கி, எங்களைக் கிளப்பி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பீடிக் கடைக்குக் கணக்குக் கொடுக்கப் போகும் நேரம் வரை எழுந்திருக்க மாட்டாள். புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டி நூலைக் கட்டும் அவள் விரல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். நுனி மடக்குவது எங்களைப் போன்ற பிள்ளைகளின் வேலை. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. தரம் சரியில்லை என்று கடையில் கழிப்பார்கள். கழித்த பீடியைத் திருப்பித் தரவும் மாட்டார்கள், அதற்குக் காசும் கிடையாது. ஏன் என்று கேட்டால் மறுநாள் ஓட்டை இலைதான் நிறுத்துப் போடுவார்கள்.

இவள்தான் 'வீட்டில் இருந்த' பெண். மேடையில் இருப்பவருக்கு அப்படித்தான் தெரியும், ஏனென்றால் அவள் ஐடி கார்டு மாட்டவில்லை.

பெண்கள் இப்போதுதான் வேலைக்குப் போகிறார்கள் என்பது பொய். அதைத்தான் சொல்ல வருகிறேன். தஞ்சாவூர் வயலில் நாற்று நட்டது யார், களை எடுத்தது யார்? தூத்துக்குடி உப்பளத்தில் கால் வெடிக்க வெடிக்க உப்புச் சுமந்தது யார்? சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் தீப்பெட்டி ஒட்டியது, மாஞ்சோலையிலும் வால்பாறையிலும் அட்டைக்கடியோடு கொழுந்து பறித்தது? இவர்கள் வேலைக்குப் போனபோதெல்லாம் போகாத குடும்பம், ஒருத்தி ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் போய்விட்டதா?

மாறியிருப்பது ஒன்றுதான். சம்பளம் இப்போது அவளுடைய வங்கிக் கணக்கில் விழுகிறது. அம்மாவின் கூலியைப் பல வாரம் அப்பாவே கடையில் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். மீதியை எங்கே என்று கேட்க முடியாது. எனக்குச் சம்பளம் வந்தால் என் போனில்தான் மெசேஜ் வருகிறது. வயிறு எரிவது அந்த மெசேஜைப் பார்த்துத்தான். பாவம், அம்மி என்ன செய்யும்?

"எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போனதே இல்லை" என்று சில அண்ணன்மார் சொல்லுவீர்கள். இருக்கலாம். அந்த வீடுகளில் நெல் குத்தவும் சாணி அள்ளவும் வந்து போனவர்கள் எங்கள் வீட்டுப் பொம்பளைங்க.

"அது சும்மா காமெடி, இதுக்குப் போயா?" என்றும் வரும். எனக்கும் காமெடி பிடிக்கும். ஆனால் பட்டிமன்ற மேடையில் எத்தனை வருஷமாக ஒரே காமெடி? மனைவி என்றால் பூரிக்கட்டை, மருமகள் என்றால் செல்போன், வேலைக்குப் போகிறவள் என்றால் ஆன்லைனில் வாங்கிய இட்லி மாவு. முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்களும் பெண்கள்தானே என்கிறீர்கள். ஆமாம், அதைப் பார்த்ததில்தான் எனக்கு இரண்டு மடங்கு வலி. அதில் பாதிப்பேர் மறுநாள் காலையில் டிபன் டப்பாவோடு பஸ் ஸ்டாப்பில் நின்றிருப்பார்கள்.

அந்த பஸ்ஸைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அன்று முதல் "ஓசி"யைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துவிட்டது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை பிரித்துப் போடுகிற பிள்ளைக்கு உட்கார ஒரு ஸ்டூல் கொடு என்று சொல்வதற்கே, அதே 2021இல் இந்த மாநிலம் தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. உட்காரச் சட்டம்! எவனாவது மேடை போட்டு இதைப் பேசினானா?

இந்தியா முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும், எந்த வேலைக்கும் போகும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட மண் இது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, அதே மண்ணில் மைக் பிடித்து அம்மிக்கு ஒப்பாரி வைக்கிறார்கள்.

விவாகரத்து கூடிவிட்டதே என்பவர்களுக்கு: அடி வாங்கிக்கொண்டு கிடந்தவள் எழுந்து போனால், அடித்தவனை விட்டுவிட்டு அவள் சம்பளத்தைக் குறை சொல்வது உங்களுக்கு வசதி. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை.

ஆண்களுக்கும் கஷ்டம் இருக்கிறதே? இருக்கிறது. லோன் கட்ட முடியாமல் தூக்கம் வராமல் கிடக்கும் தம்பிகளை எனக்கும் தெரியும். ஆனால் மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97ம் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். அப்படிச் செய்பவர்கள் நூற்றுக்கு 26 பேர். மீதி 74 பேர் அம்மியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள் போல.

இவ்வளவு நீளமாக எழுத வைத்தது அந்தப் பேச்சாளர் இல்லை. அவர் யாரோ. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டு, கீழே "நூற்றுக்கு நூறு உண்மை" என்று எழுதியது என் சித்தப்பா. அவர் பாலிடெக்னிக் படித்தபோது ஹாஸ்டல் பணம் எங்கிருந்து போனது என்று அவருக்கே தெரியும். கட்ட வேண்டிய நாள் நெருங்கினால் அம்மா மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு ராத்திரியும் சுற்றுவாள். சித்தப்பாவுக்கு வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார். அதையும் நான் மறக்கவில்லை. அவர் மறந்துவிட்டார்.

அம்மாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். "அவன் ஏதோ வாய் சலிச்சுப் பேசுதான். நீ போய்ப் படுட்டி" என்றாள். இருமிக்கொண்டேதான் சொன்னாள். தூள் நெடியோடு அத்தனை வருஷம் இருந்தவளுக்கு அந்த இருமல் போவதே இல்லை. அவளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் பி.எப். பென்ஷன் வருகிறது. வீட்டில் சும்மா இருந்தவளுக்குப் பென்ஷன் எதற்கு என்று யாராவது அந்தப் பேச்சாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அதே பேச்சாளரைக் கூப்பிடப் பேச்சு நடக்கிறதாம், சித்தப்பாதான் முன்னால் நிற்கிறாராம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடைக்கு வாங்கும் தலைக்கட்டு வரியை ஆம்பளை பெயரில்தான் எழுதுவார்கள், அதனால் எனக்கு வரி கிடையாது. நன்கொடை என்றால் மட்டும் என் நம்பருக்கு ஞாபகமாகக் கூப்பிடுவார்கள், வருஷா வருஷம் நானும் போடுவேன். இந்த வருஷம் சாமிக்கு எண்ணெயும் மாலையும் நானே நேரில் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். கமிட்டி கணக்கில் ஒரு ரூபாய் போட மாட்டேன். நோட்டீஸில் என் பெயரை எடுத்துவிடச் சொல்லி இன்று காலையிலேயே தலைவருக்குப் போன் பண்ணியாச்சு.